காணியை விற்க முன் கண்ணைக் காட்டுங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். முல்லைத்தீவு மாவட்டம், வயது 20, ஏ.எல். கணிதப் பிரிவு முடித்தவர், இதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. சின்ன விமானம் ஓட்டப் பழக ஆசை. வன்னிக்குள் எங்கேயாவது பழகலாமா, எவ்வளவு காலம் எடுக்கும், ஆங்கிலம் பேச வராதே, கிணற்றை எட்டிப் பார்த்தாலே கால் கூசும் ஆளுக்கு இது சரிவருமா என்று நாலைந்து கேள்விகள். கடைசியில், போகிற போக்கில், சீதனத்துக்கென்று வைத்த இரண்டு ஏக்கர் வயலை விற்றுத் தருவதாக அப்பா சொல்கிறார் என்று ஒரு வரி. தங்கச்சி, நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. பறப்பு எனக்கு வருமா வராதா என்பதை, வயல் கைவிட்டுப் போவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது. முழுக்கத் தெரியாது, முக்கால்வாசி தெரிந்துவிடும். அந்த முக்கால்வாசிக்கு வயலின் ஒரு மூலைகூடச் செலவாகாது.

நான் மாங்குளத்துக்குக் கிழக்கே பிறந்தவன். இரத்மலானையில் பறக்கப் பழகி, பிறகு வெளிநாட்டில் ஒரு சிறிய விமானத்தளத்தில் பதினொரு வருடம் பயிற்றுநராக இருந்தேன். இப்போது வவுனியாவில் இருக்கிறேன். பெரிய விமானக் கம்பனி எதிலும் வேலை செய்ததில்லை. என் அனுபவமெல்லாம் இரண்டு சீற், நாலு சீற் செஸ்னாக்கள்தான். ஜெட் விமானியின் வாழ்க்கையை என்னிடம் கேட்பது மாட்டுவண்டிக்காரனிடம் ரயிலைப் பற்றிக் கேட்பது மாதிரி. ஆனால் ஒரு மாணவருடைய முதல் ஐம்பது மணித்தியாலத்தில் என்னென்ன நடக்கும் என்பதைப் பக்கத்துச் சீற்றில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் இடம். வன்னிக்குள் ஓடுபாதைகள் இருக்கின்றன. வவுனியாவில் ஒன்று, இரணைமடுவில் ஒன்று. இரண்டும் விமானப்படையின் கையில். நீங்களும் நானும் போய்ப் பணம் கட்டிப் பழகுகிற இடங்கள் அல்ல. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டாலும், பயிற்சிக்கு இரத்மலானைதான். நாட்டின் பறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை அங்கேதான் நிற்கின்றன. ஒரு சுவையான செய்தி: 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானம் மதராஸ் பறப்புக் கழகத்திலிருந்து வந்த ஒரு புஸ் மொத். ஓட்டி வந்தவர் அந்தக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். அந்தத் தரையில் முதலில் பட்ட சில்லே ஒரு வாத்தியாருடையது. சரி, உங்களுக்கு இதன் பொருள் என்னவென்றால், பறப்புக் கட்டணத்தோடு கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேரும். மழைக்கும் காற்றுக்கும் பழுதுக்கும் நாட்கள் வீணாகும்போது அறை வாடகை நிற்காது. வன்னியிலிருந்து போனவர்களின் கணக்கு பிழைத்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உறுதியான எண்களைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் குறைந்தபட்ச அளவுகள் இவை, நாடுகள் இதை வைத்துத்தான் தங்கள் விதிகளை எழுதுகின்றன. தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17, பறப்பு 40 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்துக்குள் படித்தால் 35. அதில் குறைந்தது 10 மணித்தியாலம் தனியாக. அந்தப் பத்தில் 5 மணித்தியாலம் ஊர் விட்டு ஊர் போகும் பறப்பு, அதிலும் ஒரு பயணம் 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி நின்று. சம்பளத்துக்கு ஓட்டும் வணிக விமானி உரிமத்துக்கு வயது 18, பறப்பு 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட திட்டத்துக்குள் 150. இவையெல்லாம் அடிமட்டம். என் மாணவர்களில் 40இல் முடித்தவர் ஒருவர்கூட இல்லை. 55க்கும் 70க்கும் இடையில்தான் பெரும்பாலானவர்கள் முடித்தார்கள். விளம்பரத்தில் 40 என்று போட்டுக் கணக்குக் காட்டினால் அது பொய்யில்லை, ஆனால் அந்தக் கணக்கை நம்பி வயலை அளக்காதீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். செலவின் முதல் ரூபாய் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வேலையாக்கும் எண்ணம் இருந்தால் முதலாம் வகுப்புச் சான்றிதழ், பொழுதுபோக்குக்கு என்றால் இரண்டாம் வகுப்பு. முதலாம் வகுப்புக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும். கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தாலும் போதும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்பார்கள். கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாது என்பது ஊர்க்கதை. உண்மையான தடை பலருக்கு நிறப் பார்வையில்தான் வருகிறது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தேடும் இஷிஹாரா அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். நிறக்குருடு ஆண்களிலே அதிகம், பெண்களுக்கு மிகக் குறைவு. அந்த வகையில் உங்கள் பக்கம் காற்று வீசுகிறது. இதயத் துடிப்புப் பதிவு, காது கேட்கும் திறன், வலிப்பு வந்த வரலாறு எல்லாம் பார்ப்பார்கள். ஒரு மாணவர் ஒரு வருடம் படித்து, பாதிப் பணம் கட்டி, அதற்குப் பிறகு கண் பரிசோதனைக்குப் போய் நிறம் பிழைத்துத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனையை முதலிலேயே செய்திருந்தால் அவருக்கு நட்டம் ஒரு நாள்.

எங்கள் ஊருக்கென்றே இன்னொன்று. போரில் வெடித்த எறிகணையின் துண்டு, அதாவது செல் துண்டு, உடம்பில் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர். உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதை வாசிக்கும் யாருக்காவது இருக்கலாம். அதை மறைக்காதீர்கள். துண்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் தகுதி போய்விடாது. எங்கே இருக்கிறது, கை கால் அசைவை, பார்வையை, உணர்வைத் தடுக்கிறதா, திடீரென்று உங்களைச் செயலிழக்க வைக்குமா என்பதுதான் கேள்வி. நான் வைத்தியன் அல்ல, அந்த முடிவு விமான மருத்துவரின் முடிவு. மறைத்தது பிறகு தெரிய வந்தால் மட்டும் விமானமும் போய் மானமும் போகும்.

இரண்டாவது செலவு, ஒரே ஒரு அறிமுகப் பறப்பு. அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க நீங்களே கைபிடித்துப் பார்ப்பது. உயரப் பயம் பற்றிக் கேட்டீர்கள். இதில் நான் சொல்வது அனுபவம், விஞ்ஞானம் அல்ல. எனக்கு இன்றைக்கும் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்க முடியாது. தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் நாலாவது படிக்கு மேல் போனதில்லை. ஆனால் 3,000 அடியில் கதவோரம் இருந்து கீழே பார்க்க ஒன்றும் செய்யவில்லை. காலுக்கும் தரைக்கும் இடையில் சுவரோ ஏணியோ எதுவும் தொடர்ந்து தெரியாதபோது அந்தக் கூச்சம் பலருக்கு வருவதில்லை. சிலருக்கு வரும். அதை அறிய ஒரே வழி ஏறிப் பார்ப்பதுதான். குமட்டல் வேறு விஷயம், அது பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு பாடங்களில் பழகிவிடும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறைக்கு விமானச் சத்தம் என்றால் பங்கர். நான் பறக்கப் பழகுகிறேன் என்று சொன்ன அன்று அம்மா முதலில் கேட்டது, குண்டு போட்ட போர் விமானத்தின் பெயரைச் சொல்லி, “கிபிரோ?” என்றுதான். இல்லையம்மா, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குச் செட்டை வைத்த மாதிரி ஒன்று என்றேன். அப்படிச் சொன்ன எனக்கே முதல் நாள் இயந்திரம் முழு வேகத்தில் இரைந்தபோது தோள் தானாகக் குனிந்தது. பயிற்றுநர் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது பாடத்தில் அது போய்விட்டது. உங்களுக்கு அந்த நினைவு இல்லாதிருக்கலாம். வீட்டில் யாராவது முகம் சுளித்தால், செலவு மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள்.

பறப்பு எப்படி இருக்கும்? சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓடிய எல்லாரும் முதல் நாள் செய்யும் பிழை ஒன்றுதான். தரையில் ஓடும்போது கையிலுள்ள சுக்கானைத் திருப்பி விமானத்தைத் திருப்பப் பார்ப்பார்கள். திரும்பாது. தரையில் திருப்புவது காலால், மிதிகளால். அடுத்து, முழு வேகம் கொடுத்தவுடன் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, அது கிளப்பும் காற்றும் இழுவையும் மூக்கை இடப்பக்கம் தள்ளும். வலது காலால் அமர்த்திப் பிடிக்க வேண்டும். மேலே போனபின் சுக்கானை இறுக்கிப் பிடிப்பது அடுத்த பிழை. லாண்ட்மாஸ்டரை உழவில் பிடிக்கிற பிடி இங்கே உதவாது. இரண்டு விரலும் பெருவிரலும் போதும். விமானத்தைச் சரியான வேகத்தில் சமன்செய்து விட்டால் அது தானே பறக்கும். நாம் செய்வது அதிகம் கெடுக்காமல் இருப்பது.

‘ஸ்டோல்’ என்ற சொல்லைக் கேட்டதும் இயந்திரம் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். அதற்கும் இயந்திரத்துக்கும் சம்பந்தமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓரளவுக்கு மேல், பொதுவாகப் பதினைந்து பாகை அளவில், போனால் மேற்பக்கத்துக் காற்று இறக்கையோடு ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை சரிந்துவிடும். எந்த வேகத்திலும் இது நடக்கலாம். விமானத்தைச் சாய்த்துத் திரும்பும்போது இன்னும் சீக்கிரம் நடக்கும். உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை தாங்கும் சுமை இரண்டு மடங்கு, ஸ்டோல் ஆகும் வேகம் நூற்றுக்கு நாற்பது கூடும். ஓடுபாதையை நோக்கிக் கடைசியாகத் திரும்பும் இடத்தில், தாழப் பறக்கும்போது, திருப்பம் தவறிவிட்டதே என்று இன்னும் இழுப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். அதனால்தான் இதை உயரத்தில் வைத்து வேண்டுமென்றே செய்யவைத்து, மூக்கைத் தாழ்த்தி மீளப் பழக்குவார்கள். முதல் தடவை வயிறு மேலே வரும். மூன்றாம் தடவை சலிப்பு வரும். சலிப்பு வந்தால் சரி.

இறங்குவதுதான் நீண்ட பாடம். நாலு சீற் செஸ்னா 172 ஏறத்தாழ 65 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீற்றரில் ஓடுபாதைக்கு வரும். கடைசிச் சில அடிகளில் கண்ணை மூக்குக்கு முன்னால் வைக்காமல் ஓடுபாதையின் அந்தக் கரையில் வைக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், கண் கேட்கப் பத்து மணித்தியாலம் எடுக்கும். உயரத்தை இயந்திர வேகத்தாலும் வேகத்தை மூக்காலும் கட்டுப்படுத்து என்று ஒரு வாத்தியார் சொல்வார், இன்னொருவர் நேரெதிராகச் சொல்வார். இந்தச் சண்டை எனக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கும். உங்கள் வாத்தியார் சொல்வதை அப்படியே பிடியுங்கள், உரிமம் எடுத்தபின் சண்டையில் சேருங்கள்.

காற்றைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்குப் பாதிப் பாடம் தெரியும். விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றில். ஆகவே ஓடுபாதையை அந்த இடத்தில் வழக்கமாக வீசும் காற்றின் திசைக்கு வெட்டுவார்கள். இரத்மலானை ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 40 பாகை, 220 பாகை, அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். கட்டுநாயக்காவிலும் அதே எண்கள்தான். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம். சூடு தூற்றக் காற்றுப் பார்த்த மனிசருக்கு இந்த இரண்டு எண்ணையும் விளக்கத் தேவையே இல்லை. சிக்கல், காற்று குறுக்கே வரும் நாட்களில். செஸ்னா 172இன் கையேட்டில் சோதித்துக் காட்டிய குறுக்குக்காற்று 15 நொட், சிறிய 152இல் 12. மாணவருக்கு வாத்தியார் அதைவிடக் குறைந்த எல்லை வைப்பார். இரத்மலானை கடலோரம் என்பதால் மத்தியானத்தில் கடற்காற்று பக்கவாட்டில் வரும். அதனால் காலை ஆறரை ஏழு மணிப் பாடங்களுக்குப் போட்டி இருக்கும். விடியப் புறம் எழும்பும் பழக்கம் வயல் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிறதுதானே.

வெப்பமும் ஒரு பாடம். 35 பாகைச் சூட்டில், கடல்மட்டத்தில் நிற்கும் விமானத்துக்கு அந்த மெலிந்த காற்று ஏறத்தாழ 2,400 அடி உயரத்தில் இருக்கிற மாதிரித் தெரியும். ஓடும் தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். வன்னிக்கு மேலே பங்குனி, சித்திரையில் பத்து மணிக்குப் பிறகு பறந்தால் வெட்டிய வயலும் தார் றோட்டும் விமானத்தை மேலே தள்ளும், குளத்துக்கு மேலே வந்தவுடன் கீழே விடும். பஸ் பள்ளத்தில் விழுந்தது மாதிரித்தான், ஆபத்தில்லை, ஆனால் சாப்பிட்டது நினைவுக்கு வரும். இன்னொன்று எங்கள் ஆட்கள் நம்பவே மாட்டார்கள்: 25 பாகை வெயிலில், ஈரக்காற்றில், இயந்திரத்தின் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். பெற்றோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியால் போகும்போதும் உள்ளே வெப்பம் 20 பாகைக்கு மேலும் சட்டென்று இறங்கும். வேகத்தைக் குறைத்து இறங்கிவரும் நேரத்தில்தான் இது கூடுதலாக வரும். அதற்கென்று சூடான காற்றைத் திறந்துவிட ஒரு கைப்பிடி இருக்கிறது. மாணவர்கள் அதிகம் மறக்கும் கைப்பிடியும் அதுதான்.

பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பதில் நேரம் போகிறது என்று எனக்கும் ஒருகாலத்தில் எரிச்சல் இருந்தது. ஒன்பதாவது மணித்தியாலம் என்று நினைக்கிறேன், இரவு முழுக்க மழை பெய்த காலை. தாங்கியின் அடியிலிருந்து எரிபொருளைச் சிறு குவளையில் பிடித்துப் பார்த்தேன். விமானப் பெற்றோல் இளநீல நிறம். குவளையின் அடியில் நிறமில்லாமல் ஒரு குமிழ் உருண்டது. தண்ணீர். மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தது. நாலு குவளை பிடித்து ஊற்றிய பிறகும் தண்ணீர் வந்தது, அன்றைய பாடம் நின்றது. அதற்குப் பிறகு எரிச்சல் வந்ததில்லை.

இயந்திரம் நின்றால்? எல்லாரும் கேட்பது. கல்லாக விழாது. 172 ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகும். 3,000 அடியில் நின்றால் காற்றில்லாத நாளில் சுமார் எட்டு கிலோமீற்றர் வட்டத்துக்குள் ஒரு இடம் தேடலாம். மாணவர் எந்நேரமும் ஓரக்கண்ணால் ஒரு வயலைப் பார்த்துக்கொண்டே பறக்கப் பழக வேண்டும். நம் பக்கத்தில் அரிவு வெட்டிய காய்ந்த வயல் நல்லது. ஆனால் வரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதோடு ஒத்து இறங்க வேண்டும், குறுக்கே வெட்டினால் முன்சில்லு வரம்போடு நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது.

தனியாக எப்போது விடுவார்கள் என்பதற்குச் சரியான பதில் கிடையாது. நான் 17ஆவது மணித்தியாலத்தில் போனேன். பத்தில் போனவரும் உண்டு, முப்பதில் போய் என்னைவிட நல்ல விமானி ஆனவரும் உண்டு. எண்ணைவிட முக்கியம் இடைவெளி. கிழமைக்கு மூன்று பாடம் எடுப்பவர் முன்னேறுவார். மாதத்துக்கு இரண்டு எடுப்பவர் ஒவ்வொரு தடவையும் போன பாடத்தையே திரும்பப் பணம் கட்டிப் படிப்பார். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறப்பது சிக்கனம் போலத் தெரியும், உண்மையில் அதுதான் அதிகச் செலவு. தனியார் உரிமம் வரை போக வேண்டிய பணம் முழுவதும் கையில் வந்தபின் தொடங்குங்கள்.

கையில் என்றால் உங்கள் கையில், பள்ளியின் கையில் அல்ல. நான் மேற்படிப்புக்கு ஒரு பள்ளிக்கு, பெயர் வேண்டாம், 20 மணித்தியாலத்துக்கு முன்பணம் கட்டினேன், விலைக்கழிவு தருகிறோம் என்றார்கள். அவர்களிடம் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரே விமானம். அது இயந்திரம் பிரித்துத் திருத்தப் போனது, ஏழு மாதம் வரவில்லை. காசு திரும்பவில்லை, கடைசியில் மணித்தியாலமாகவே வாங்கித் தீர்த்தேன். எனவே பள்ளிக்குப் போனால் எத்தனை விமானம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை பறந்தன என்று கேளுங்கள். கட்டணத்தில் எரிபொருள், வாத்தியார், இறங்கு கட்டணம், பரீட்சைக் கட்டணம் எவை அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பறக்கப் பறக்கக் கட்டுங்கள். எரிபொருளும் உதிரிப்பாகமும் வெளிநாட்டிலிருந்து வருவதால் இந்தத் தொழிலின் விலை டொலரோடு கட்டப்பட்டது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360க்குப் போனபோது பாதியில் நின்ற மாணவரின் நிலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆங்கிலம். விமானி ஆங்கிலத்துக்குச் சர்வதேச அளவுகோல் ஆறு படி, வேண்டியது நாலாவது படி. அழகாகப் பேச வேண்டியதில்லை, விளங்கப் பேச வேண்டும், எதிர்பாராத ஒன்று நடந்தால் அதைச் சொல்லத் தெரிய வேண்டும். வானொலியில் வரும் வழக்கமான வசனங்கள் சில நூறுதான், மந்திரம் மாதிரி வாயில் ஏறிவிடும். விளங்கவில்லை என்றால் ‘சே அகெய்ன்’ என்று கேட்க வெட்கப்படாததுதான் முதல் பாடம், நம் பிள்ளைகள் அங்கேதான் தடுக்குகிறார்கள். விளங்காமலே ‘ரொஜர்’, அதாவது சொன்னது கிடைத்தது, என்று சொல்லிவிடுவார்கள். இதற்கும் எழுத்துப் பரீட்சைக்கும் வீட்டிலிருந்தே தயாராகலாம். வானிலை, வழிகாட்டல், விமான விதி, பறப்பின் அடிப்படை, மனித உடலும் மனமும் என்று பாடங்கள். ஏ.எல். பௌதிகவியல் படித்தவருக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை. ஆறு மாதம் மாலையில் படித்துவிட்டு இரத்மலானைக்குப் போகும் பிள்ளை, போனபின் படிக்கத் தொடங்கும் பிள்ளையைவிடப் பல மணித்தியாலப் பணத்தை மிச்சம் பிடிக்கும்.

இனி வேலை. பறக்க வருமா என்பதைச் சிறு செலவில் அறியலாம், வேலை கிடைக்குமா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 200 மணித்தியால வணிக உரிமம் பெற்றவுடன் கம்பனி கூப்பிடும் என்று யாராவது உறுதி தந்தால் எழும்பி வாருங்கள். 2020இல் உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றபோது பல்லாயிரம் மணித்தியாலம் பறந்தவர்களே வீட்டில் இருந்தார்கள். பெரிய விமானத்துக்கு அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும், அதன் செலவை விமானியே சுமக்கும் இடங்களும் உண்டு. ஆகவே என் அபிப்பிராயம், அபிப்பிராயம் மட்டும்தான்: வணிக உரிமம் வரைக்குமான முழுத் தொகைக்கு வயலை இப்போதே விற்க வேண்டாம். முதலில் மருத்துவச் சான்றிதழ், அடுத்தது அறிமுகப் பறப்பு, பிறகு வீட்டுப் படிப்பு. அது மூன்றும் சரிவந்தால் ஒரு வேலையில் சேர்ந்து, தனியார் உரிமத்துக்கான பணத்தைச் சேருங்கள். அந்த உரிமம் கையில் இருக்கும்போது, நீங்கள் எப்படிப்பட்ட விமானி என்று உங்களுக்கும் உங்கள் வாத்தியாருக்கும் தெரிந்திருக்கும். வயலைப் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்கலாம். அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி என்றால் நினைத்தபடி விற்கவும் முடியாது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அதைச் சீதனக் காணி என்று அப்பா வைத்திருந்ததும், பறக்க விற்றுத் தருகிறேன் என்று இப்போது சொல்வதும் எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. அவருக்காகவும்தான் மெதுவாகப் போகச் சொல்கிறேன்.

அறிமுகப் பறப்புக்கு அப்பாவையும் கூட்டிப் போங்கள். செஸ்னா 172 என்று கேட்டுப் பதிவு செய்தால் பின்சீற்றில் ஆள் ஏற்ற விடுவார்களா என்று விசாரிக்கலாம். ஏறுமுன் எல்லாருடைய நிறையையும் கேட்பார்கள், அது மரியாதைக் குறைவில்லை. பாரம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடாமல் அந்தச் சின்ன விமானத்தை எடுக்க மாட்டார்கள். நிறையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், புட்டும் கறியும் முட்டச் சாப்பிட்டும் போக வேண்டாம், இரண்டு இடியப்பம் போதும். ஓடுபாதை ஓரத்தில் நிற்கும் காற்றுப்பையைப் பார்த்து எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.